இறங்கிப்போன கான்கிரீட்டைத் தூக்கி நிறுத்த: முதல்முறை மட்ஜாக்கிங் செய்கிறவர்களுக்கு

கராஜ் வாசலை ஒட்டிய டிரைவ்வே சிலாப் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. வாரா வாரம் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கும்போது சக்கரம் அந்த விளிம்பில் டொக்கென்று முட்டும். ஒரு கையால் தூக்கிவிட்டு இழுத்துப் பழகிவிட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வந்த இரண்டாம் நாளே கால் இடறி, காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இவ்ளோ பெரிய வீடு வாங்கியிருக்க, வாசல்ல மட்டம் பாக்க ஒரு கொத்தனார் கெடைக்கலையா?” என்றார். அன்று ராத்திரிதான் மட்ஜாக்கிங் என்ற வார்த்தையையே முதன்முதலாகப் பார்த்தேன்.

நாங்கள் இருப்பது சிகாகோவுக்கு மேற்கே, நேப்பர்வில் பக்கம். களிமண் பூமி, அநேகமாக எல்லா வீட்டுக்கும் கீழே பேஸ்மென்ட். இங்கே வீடு வாங்கிய நம் ஆட்கள் பலருக்கும் இந்தத் தொல்லை உண்டு. பலர் நேராக உடைத்துப் புதிதாக ஊற்ற விலை கேட்கிறார்கள். தேவையில்லாமல் இருக்கலாம்.

மட்ஜாக்கிங் என்பது இவ்வளவுதான்: இறங்கிய சிலாபில் சில துளைகள் போட்டு, அவற்றின் வழியே மண்ணும் சிமென்டும் தண்ணீரும் கலந்த குழம்பைப் பம்ப் செய்வது. முதலில் அடியில் உள்ள வெற்றிடம் நிரம்பும். நிரம்பிய பிறகும் பம்ப் செய்தால் சிலாப் மேலே எழும்பும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 1930-களிலேயே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

இத்தனை எடை எப்படி எழும்பும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 அங்குல கனமுள்ள கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 50 பவுண்டு. பத்துக்குப் பத்து சிலாப் 5,000 பவுண்டு, கிட்டத்தட்ட 2,270 கிலோ. ஆனால் அந்த எடை 14,400 சதுர அங்குலத்தில் பரவிக் கிடக்கிறது. சதுர அங்குலத்துக்கு 0.35 பவுண்டுதான் வருகிறது. கார் டயரில் 33, 35 என்று காற்று வைக்கிறோமே, அதில் நூறில் ஒரு பங்கு. பக்கத்துச் சிலாபோடு உரசுவதையும் விளிம்பில் மண் பிடித்திருப்பதையும் சேர்த்தால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டும். அதற்கும் ஒரு சின்னப் பம்ப் போதும்.

நான் இதை இரண்டு முறை செய்தேன். முதல்முறை வந்தவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் அழகாகத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடம் தாண்டவில்லை, சிலாப் பழைய இடத்துக்கே போய்விட்டது. கான்கிரீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழே மண்தான் உள்வாங்கியது. மண்ணை உள்வாங்க வைத்தது தண்ணீர். அந்தத் தண்ணீரை அவர்களும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அதனால் இங்கே நான் சொல்லும் வரிசையில் தூக்குவது கடைசியாகத்தான் வரும்.

குடையோடு ஒரு சுற்று

பேஸ்மென்ட் கட்டும்போது, சுவருக்கு வெளியே ஆள் நின்று வேலை பார்க்க வேண்டும் என்று சில அடி கூடுதலாகத் தோண்டுவார்கள். சுவர் எழும்பியதும் அந்த இடைவெளியை மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு அடிப்பதெல்லாம் அபூர்வம். நம் ஊரில் பைப் போடத் தோண்டி மூடிய தெரு முதல் மழைக்கே பள்ளம் விழுமே, அதே கதைதான். கராஜ் வாசல், முன்வாசல் நடைபாதை, பேட்டியோ (வெளியே உட்காரப் போட்ட தளம்) என்று வீட்டை ஒட்டி இருப்பவை முதலில் இறங்குவதற்கு இதுதான் காரணம். தெருப்பக்கச் சிலாப் அப்படியே இருக்கும்.

அப்புறம் கூரைத் தண்ணீர். 500 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை விழுந்தால் சுமார் 310 கேலன், அதாவது 1,180 லிட்டர். அது மொத்தமும் ஒரே டவுன்ஸ்பவுட் (கூரைத் தண்ணீரைக் கீழே இறக்கும் குழாய்) வழியாக ஒரே மூலையில் கொட்டினால் மண் எப்படி நிற்கும்? அடுத்த பெருமழையில் குடையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கே கொட்டுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடுக்கில் சுழித்துக்கொண்டு உள்ளே போகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். என் வீட்டில் டவுன்ஸ்பவுட்டின் வாய் இறங்கிய சிலாபின் ஓரத்திலேயே இருந்தது. தண்ணீர் சிலாபுக்கும் கராஜ் தரைக்கும் நடுவில் இருந்த பிளவுக்குள் குடுகுடுவென்று போய்க்கொண்டிருந்தது. முதல்முறை காசு கொடுப்பதற்கு முன் இதைப் பார்க்கத் தோன்றவில்லை.

மழை இல்லாத நாளில் பார்க்க வேண்டியவையும் உண்டு. பேஸ்மென்டில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் அதை எங்கே விடுகிறது? கட்டரில், அதாவது கூரை ஓரத்துத் தண்ணீர்த் தகரத்தில், இலை அடைத்து வழிகிறதா? சிலாப் ஓரத்தில் சிப்மங்க் வளை தோண்டியிருக்கிறதா? அந்த அணில் ஜாதி பார்க்க அழகு, ஆனால் மண்ணை வாரி வெளியே போட்டுவிடும். மழையே இல்லாமல் ஒரு இடம் எப்போதும் ஈரமாக இருந்தால் பூமிக்கு அடியில் குழாய் கசியலாம். அதற்கு முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கண்டுபிடித்ததைச் சரி செய்வது பெரும்பாலும் மலிவான வேலை. டவுன்ஸ்பவுட்டுக்கு நீட்டுக்குழாய் மாட்டி ஆறடியாவது, முடிந்தால் பத்தடி தள்ளி விடுங்கள். வீட்டை ஒட்டிய மண் முதல் 10 அடியில் 6 அங்குலம் சரிய வேண்டும். பள்ளமாக இருந்தால் களிமண் போட்டு மேடாக்குங்கள். மணலோ மரத்தூளோ போட்டால் தண்ணீர் அதற்குள்ளேயே இறங்கிவிடும், போட்டும் பிரயோஜனம் இல்லை.

அளப்பது

அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் கட்டட விதிப்படி, வீட்டிலிருந்து 10 அடிக்குள் இருக்கும் கான்கிரீட் பரப்பு வெளிப்பக்கமாக 2 சதவீதம் சரிய வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். நம் கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்வது இதைத்தான். வாட்டம் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டால் கால் இடறுவதோடு நிற்காது. பேஸ்மென்ட் சுவரில் ஈரம் வரும்.

ஒரு நீளமான நேர்க்கட்டை, அதன் மேல் ரசமட்டம், ஒரு டேப். இவ்வளவு போதும். டியூப் லெவல் பிடிக்கத் தெரிந்தவர்கள் அதையே பிடிக்கலாம், தோட்டத்துக்குக் கிடைக்கும் ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு முனையிலும் மட்டம் தெரியும். ஒவ்வொரு மூலையும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து குறியுங்கள். சிலாப் முன்பு எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு வீட்டுச் சுவரே சாட்சி. பழைய விளிம்பு இருந்த இடத்தில் ஒரு அழுக்குக் கோடு இருக்கும்.

இதை ஜனவரியில் செய்யாதீர்கள். இங்கே குளிரில் மண் மூன்றரை அடி ஆழம் வரை உறையக்கூடியது. உறைந்த மண் சிலாபைத் தூக்கிப் பிடித்திருக்கும், பனி உருகியதும் அளவு மாறிவிடும். மே மாதத்தில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நன்றாக மாறியிருந்தால் மண் இன்னும் நகர்கிறது, காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

எதைத் தூக்கலாம், எதைத் தொடக் கூடாது

முழுசாக இருக்கிற சிலாப், அல்லது இரண்டு மூன்று துண்டாக விரிசல் விட்ட சிலாப் நன்றாகத் தூக்கும். அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தால் துளை வழியே போகும் குழம்பு ஒவ்வொரு பிளவிலும் வெளியே வரும். அதை உடைத்துப் போடுவதுதான் வழி. மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தாலும் அப்படியே, தூக்கினாலும் அசிங்கம் அசிங்கம்தான்.

மர வேரால் எழும்பி நிற்கும் சிலாபை இதனால் இறக்க முடியாது. பக்கத்தில் இருப்பதைத் தூக்கிச் சரிக்கட்டலாம், அல்லது விளிம்பைத் தேய்க்கலாம்.

சில இடங்களில் துளை போடுவதே ஆபத்து. தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓட்டிச் சூடாக்கும் கராஜ் அதில் ஒன்று. இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள் உள்ள தரை இன்னொன்று. டெக்சஸில் வீட்டின் அடித்தளமே பல இடங்களில் அப்படித்தான் இருக்கும், அங்கே இருப்பவர்கள் முக்கியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முன்வாசல் மேடைக்குக் கீழே அறை இருக்கும் வீடுகளில் அந்தச் சிலாப் மண்ணின் மேல் உட்காரவில்லை, அது கூரை. அங்கே பம்ப் செய்தால் குழம்பு அறைக்குள் கொட்டும்.

சிலாப் மட்டும் இறங்காமல் வீட்டுச் சுவரிலும் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடினால், கதவுகள் பிடித்துக்கொண்டால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

தெருவோரப் பொது சைடுவாக் நகராட்சியின் பொறுப்பா உங்கள் பொறுப்பா என்பது ஊருக்கு ஊர் மாறும். கை வைப்பதற்கு முன் நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள். மண் இறங்குவதைச் சாதாரண பாலிசிகள் ஏற்பதில்லை.

மண்ணா, ஃபோமா?

காண்டிராக்டரைக் கூப்பிட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று பழைய மட்ஜாக்கிங். இன்னொன்று பாலியூரிதேன் ஃபோம்: இரண்டு திரவங்கள் சிலாபுக்கு அடியில் கலந்து நுரைத்து விரிந்து தூக்கும்.

பத்துக்குப் பத்து சிலாபுக்கு அடியில் சராசரி ஒரு அங்குலம் நிரப்ப வேண்டும் என்றால் 8.3 கன அடி. மண் குழம்பானால் 800 பவுண்டுக்கு மேல் வரும். ஃபோம் 20, 30 பவுண்டுதான். ஏற்கெனவே தாங்க முடியாமல் இறங்கிய மண்ணின் மேல் இன்னும் 800 பவுண்டு ஏற்றுகிறோம் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். ஃபோமுக்குத் துளையும் சின்னது, அரை அங்குலத்துக்குச் சற்று மேல். மண்ணுக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். ஃபோம் போட்டால் அன்றே காரை ஏற்றலாம், மண்ணுக்கு ஒரு நாளாவது விட வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், மண்ணைத்தான். விலை நன்றாகவே குறைவு. என் வீட்டில் மண் பல வருடம் இறங்கி முடிந்திருந்தது, தண்ணீரையும் திருப்பிவிட்டாயிற்று. அடியில் பெரிய வெற்றிடம் இருந்தால் அதை ஃபோமால் நிரப்புவது பணத்தை நிரப்புவது மாதிரி. ஆனால் சதுப்பு மண்ணோ, சமீபத்தில் கொட்டிய மண்ணோ இருந்தால் ஃபோமுக்கே காசு கொடுங்கள்.

வாடகை இயந்திரம் எடுத்து நாமே செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய சிலாபில் வேண்டாம். ஒரு துளையில் கொஞ்சம் அதிகமாகப் பம்ப் செய்தால் நடுவில் முறிந்துவிடும், திரும்ப ஒட்டாது. தோட்டத்தில் கிடக்கும் இரண்டடி நடைக்கல் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்: கடப்பாரையால் நெம்பி, கட்டை கொடுத்து, அடியில் கல்தூளைப் போட்டு இறுக்கி இறக்கிவிடுங்கள். அரை நாள் வேலை.

விலை கேட்கும்போது

மூன்று பேரிடமாவது எழுத்தில் வாங்குங்கள். புதிதாக ஊற்றும் செலவில் பாதியைத் தொட்டால் கொஞ்சம் யோசிக்கலாம். பலர் குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருப்பார்கள், சின்ன வேலைக்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே பிரச்சினை இருந்தால் சேர்ந்து கூப்பிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், இரண்டு வீட்டுக்கும் குறைத்துக் கொடுத்தார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்கு மிகவும் உபயோகப்பட்டது ஒன்றுதான்: “இது ஏன் இறங்கியது?” அதற்கு டவுன்ஸ்பவுட்டைக் கையைக் காட்டியவரை வைத்துக்கொண்டேன். டேப்பை மட்டும் எடுத்து நீள அகலம் பார்த்துவிட்டு விலை சொன்னவரை அனுப்பிவிட்டேன். மற்றபடி, திரும்ப எவ்வளவு இறங்கினால், எத்தனை வருடத்துக்குள் இலவசமாக வந்து தூக்குவார்கள் என்று எழுதி வாங்குங்கள். வேலைக்கான இன்ஷூரன்ஸ் தாளைக் காட்டச் சொல்லுங்கள். புது விரிசல் விழாது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். விழலாம். நேர்மையானவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

811

பூமிக்கு அடியில் ஓடும் லைன்களைக் குறித்துக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிடும் எண் 811. துளை போடுவதற்குச் சில வேலை நாட்கள் முன்பே அங்கே தகவல் போக வேண்டும். எங்கள் மாநிலமான இல்லினாயில் இதைக் கவனிக்கும் அமைப்புக்கு ஜூலி என்று பெயர். பணம் கிடையாது. ஆள் வந்து தரையில் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள்: சிவப்பு மின்சாரம், மஞ்சள் கேஸ், ஆரஞ்சு டெலிபோனும் கேபிளும், நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. துளை போடுகிற கம்பெனிதான் கூப்பிட வேண்டும், ஆனால் கூப்பிட்டார்களா என்று கேட்பது உங்கள் வேலை.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கம்பெனிகளின் லைன்களைத்தான் அவர்கள் குறிப்பார்கள். நீங்களோ, உங்களுக்கு முன் இருந்தவரோ போட்ட தோட்ட விளக்கு ஒயர், ஸ்பிரிங்க்ளர் குழாய், பேட்டியோ கிரில்லுக்குப் போகும் கேஸ் குழாய் எதுவும் வராது. அவற்றை நீங்களே நினைவுபடுத்திக் காட்டுங்கள்.

வேலை நாள்

முந்தின நாளே காரைத் தெருவில் நிறுத்திவிடுங்கள். சிலாபைச் சுற்றியுள்ள இடுக்குகளில் விழுந்த கல்லையும் மண்ணையும் ஒரு பழைய ஸ்குரூடிரைவரால் நோண்டி எடுங்கள். அந்தக் கல் அங்கேயே இருந்தால் சிலாப் எழும்பும்போது ஆப்பு மாதிரி பிடித்து விளிம்பைப் பெயர்த்துவிடும். என் வீட்டில் முதல்முறை அப்படி ஒரு சில்லு போனது, இன்னும் இருக்கிறது.

எங்கள் சிலாபுக்கு ஒன்பது துளை, வரிசைக்கு மூன்றாக. விளிம்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒன்றுக்கொன்று மூன்றரை அடி. துளையிடும் தூசு நுரையீரலுக்கு ஆகாது, அந்த நேரத்தில் குழந்தைகளை உள்ளே வையுங்கள். துளைக்குள் கம்பியை விட்டுப் பார்த்தபோது நான்கு அங்குல கான்கிரீட்டைத் தாண்டி இன்னும் மூன்று அங்குலம் தடையில்லாமல் போனது. அவ்வளவு வெற்றிடத்தின் மேல் இத்தனை நாள் காரை நிறுத்தியிருக்கிறோம்.

குழம்பின் பதம் முக்கியம். தோசை மாவு மாதிரி ஓடினால் எல்லாம் இடுக்கு வழியே வெளியே வந்துவிடும், தூக்காது. இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது அவர்கள் கலந்தது. மிகவும் தாழ்ந்த மூலையில் ஆரம்பித்தார்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை, பம்ப் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அப்புறம் பக்கத்துத் துளையில் குழம்பு கொப்பளித்தது. அதை ஒரு மரத்தக்கையால் அடைத்தார்கள். அடுத்த நிமிடம், சிலாபுக்கும் கராஜ் தரைக்கும் நடுவில் இருந்த நிழல் மெலிந்துகொண்டே வந்தது. சத்தமே இல்லை. குழாயைப் பிடித்திருந்தவர் சிலாபைப் பார்க்கவில்லை, மண்டியிட்டு விளிம்பில் விரலை வைத்திருந்த இன்னொருவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மூடியதும் பம்ப் நின்றது.

ஒரே துளையில் முழு உயரத்துக்கும் தூக்காமல், கால் கால் அங்குலமாகத் துளை மாற்றி மாற்றிச் சுற்றி வருகிறார்களா என்று கவனியுங்கள். அவசரப்படுகிற ஆள் கையில்தான் சிலாப் முறியும். வீட்டில் ஒருவர் பேஸ்மென்டில் நிற்கட்டும். குழம்பு சுவர் விரிசல் வழியாகவோ தரை வடிகாலிலோ எட்டிப் பார்த்தால் உடனே மேலே குரல் கொடுக்க வேண்டும், உடைந்த வடிகால் குழாய்க்குள் சிமென்ட் போய் இறுகிவிட்டால் அது தனிச் செலவு. இறுதியில் காசு கொடுப்பதற்கு முன் ரசமட்டத்தை வைத்து வாட்டம் பாருங்கள், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள். குழம்பு இளகியிருக்கும்போதே திருத்தச் சொல்லலாம்.

துளைகளைச் சிமென்ட் கலவையால் அடைப்பார்கள். புதுக் கலவையின் நிறம் பழைய கான்கிரீட்டோடு சேரவே சேராது, இதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை வந்த அம்மா வரிசையாக இருந்த ஒன்பது வட்டங்களையும் பார்த்துவிட்டு, “புள்ளி வச்சிட்டு கோலம் போடாம போயிட்டானுங்களா?” என்றார்.

அப்புறம் செய்ய வேண்டியது

அன்றே நடக்கலாம். காரை மறுநாள் வரை ஏற்றாதீர்கள், கனமான வண்டி என்றால் இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

ஒரு வாரம் கழித்து, இரண்டு நாளாவது மழை இல்லாமல் காய்ந்த பிறகு, இடுக்குகளை அடையுங்கள். கட்டுமானப் பொருள் கடையில் நுரைக்கயிறு கிடைக்கும். இடுக்கை விடச் சற்றுத் தடிமனாக வாங்கி அரை அங்குலம் கீழே இறங்கும்படி அழுத்துங்கள். அதன் மேல் தானாகப் பரவும் பாலியூரிதேன் சீலன்ட்டை ஊற்றுங்கள். கயிறு வைக்காமல் ஊற்றினால் டியூப் டியூபாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், நான் இரண்டு டியூப் அப்படி இழந்தேன். கராஜ் வாசல் இடுக்கை விட்டுவிடாதீர்கள், கார் கொண்டுவரும் பனித் தண்ணீர் முழுக்க அங்கேதான் வடியும்.

வருடா வருடம் ஏப்ரலில் கட்டரைச் சுத்தம் செய்யும்போது அந்த சீலன்ட்டையும் பார்ப்பேன். குளிரில் கான்கிரீட் சுருங்கி ஒரு பக்கம் விட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக ஊற்றினால் போதும். புல் வெட்ட வருகிறவர்கள் டவுன்ஸ்பவுட் நீட்டுக்குழாயைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் போவது இந்தப் பக்கம் சகஜம். போன கோடையில் மட்டும் மூன்று முறை நான் மாட்டினேன். கடைசியில் இரண்டு ஸ்குரூ போட்டு இறுக்கிவிட்டேன்.